பத்தாம் நம்பர் கதவு

கீலுக்கு எண்ணெய் விட்டதற்காகத் திட்டு வாங்கிய தச்சர் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அந்த மனநல ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை பார்த்தவர் அவர். திட்டியது அங்கே சமூகப் பணியாளராக இருந்த ஒரு அம்மையார். நடந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் இழைத்த சுருளோடு சுருளாகக் குப்பைக்குப் போய்விட்டது. இது மட்டும் உள்ளங்கையில் ஏறின சிராய் மாதிரி உள்ளேயே தங்கிவிட்டது. பிடுங்கவும் வராது, மறக்கவும் விடாது.

நடந்தது இதுதான். பெண்கள் பக்கத்தில் நாலாம் நம்பர் அறைக் கதவு, திறந்தால் கிரீச், சாத்தினால் கிரீச். தாதிமார் போகும்போதும் வரும்போதும் புலம்பினார்கள். அந்த அறையில் தையல்காரம்மா ஒருவர் இருந்தார். வந்து மூன்று வாரம், சரியாகத் தூங்குவதில்லை என்று பேச்சு. ‘இந்தச் சத்தத்தில் கல்லுக்குக் கூடத் தூக்கம் வராதே’ என்று நினைத்த தச்சர், யாரும் சொல்லாமலேயே ஒரு மாலை போய்க் கீல் மூன்றிலும் எண்ணெய் விட்டார். கதவு வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரிப் போய் வந்தது. அவரே நாலு தரம் திறந்து மூடிப் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பட்டறைக்குள் மின்வேலைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டுகிற பெண்கள் இரண்டு பேர் வாசலோரம் உட்கார்ந்திருந்தார்கள். கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு அந்தம்மா உள்ளே வந்தார்.

“நாலாம் நம்பர் கதவை என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“எண்ணெய் விட்டேன் மேடம்.”

“யாரைக் கேட்டு?”

“கதவுக்கு எண்ணெய் விட யாரைக் கேக்கணும்? கதவையா?”

மின்வேலைக்காரருக்கு டீ புரை ஏறியது. அந்தம்மா சிரிக்கவில்லை.

“விடிகாலையில நர்ஸ் மாத்திரை குடுக்கப் போயிருக்காங்க. கதவு சத்தம் போடலை. தையல்காரம்மா கண்ணைத் திறந்தா பக்கத்துல ஆள் நிக்குது. கட்டிலுக்கு அடியில போய் ஒடுங்கினவங்க, மூணு மணி நேரமா வெளிய வரலை. மூணு வாரமா நான் ஏத்தினது ஒரே நாள்ல இறங்கிப் போச்சு. அந்தச் சத்தம் எனக்குத் திரும்ப வேணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தச்சர் கீல்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். துடைத்தார். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தார். முப்பது வருடம் துருவை விரட்டியே வயிறு வளர்த்த கை, அன்றைக்குத் துருவை வா வா என்று கூப்பிட்டது. சாயங்காலம் கதவு எலிக்குஞ்சு மாதிரி மெல்லக் கத்தியது. மூன்றாம் நாள்தான் பழைய குரல் வந்தது. தையல்காரம்மாவும் அன்றைக்குத்தான் தூங்கினார். தச்சருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ‘துருத்தச்சர்’ என்று பெயர் விழுந்தது. உபயம், மின்வேலைக்காரர்.

பெயர் விழுந்தது கூட அவருக்குப் பெரிதில்லை. அவர் மனதில் நின்றது வேறு. அந்தம்மா அங்கே வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். யார் அறைக்குள் போவதானாலும் தட்டு, பதில் வரும்வரை நில். யார் என்ன ரகளை பண்ணினாலும் ‘உனக்கு என்ன கேடு’ என்று கேட்காதே, ‘உங்களுக்கு என்ன ஆச்சு’ என்று கேள். சட்டி எறிந்தவரிடம் கேட்டார், முகத்தில் துப்பினவரிடம் கேட்டார், பெரிய டாக்டரைக் கடித்து வைத்தவரிடம் கூடக் கேட்டார். தச்சரிடம் மட்டும் தட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை.

“சட்டி எறிஞ்சிருந்தா மரியாதையா நடத்தியிருப்பாங்க போல,” என்று வீட்டில் வந்து சொன்னார்.

“எறியாதீங்க. அப்புறம் உங்களை அங்கேயே படுக்க வெச்சிருவாங்க,” என்றாள் மனைவி.

அந்தம்மா வேலைக்கு வந்த புதிதில் அது என்ன வேலை என்றே யாருக்கும் பிடிபடவில்லை. ஊசி போடமாட்டார், மாத்திரை எழுதமாட்டார். நோயாளி பக்கத்தில் உட்கார்வார். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், வேலை பார்த்த இடத்தில் பேசுவார், தேவைப்பட்டால் கோர்ட்டு வாசலில் நிற்பார். முன்பு அடிபட்ட பெண்கள் தங்குகிற விடுதியில் இருபது வருடம் இருந்தவராம். மெலிந்த உடம்பு. நடந்தால் மட்டும் செருப்பு டக் டக் என்று கேட்கும். வேண்டுமென்றே அப்படி நடக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது, பின்னால் ஆள் வருவது முன்னாலேயே கேட்கட்டும் என்று.

அவர் தச்சரிடம் சொன்ன முதல் வேலை நாற்காலிக் கால் அறுப்பது. அவர் அறையில் அதிகாரி நாற்காலி ஒன்று உயரமாக, எதிரே குட்டையாக ஒன்று. “ரெண்டும் ஒரே உசரத்துல வேணும்,” என்றார்.

“குட்டையை உசத்தவா, உசரத்தைக் குட்டையாக்கவா?”

“உசரத்தை அறுங்க. அதுதான் எப்பவும் கஷ்டம்.”

இரண்டில் எது வேண்டுமோ நோயாளி முதலில் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் கதவுக்குக் கிட்டே எப்போதும் நோயாளிதான். நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் அந்தம்மா உட்காரவே மாட்டார். “எழுந்து போக வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உட்காரவே மனசு வரும்,” என்பார். கதவு, தாழ்ப்பாள், வழி என்று எப்போதும் அதே பேச்சு. ஊழியர்கள் அவருக்கு ‘கதவம்மா’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் போனது. “நல்ல பேருதான். ஜன்னலம்மான்னு வெக்காம விட்டாங்களே,” என்றார்.

இன்னொரு வழக்கமும் கொண்டுவந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். எது எனக்குப் பயம், எது என்னைத் தணிக்கும் என்று அவரவர் சொல்வதை அவரவர் வார்த்தையிலேயே எழுதி வைப்பது. பட்ட கஷ்டத்தை ஒவ்வொரு புது முகத்துக்கும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டாம், தாளைப் படித்தால் போதும். தையல்காரம்மாவின் தாளில் மூன்றாவது வரியே ‘கதவு சத்தம் கேட்டால் நிம்மதி’ என்றுதான் இருந்தது. அவர் வீட்டில் கதவு சத்தமில்லாமல் திறந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதற்கு மேல் அந்தம்மா யாரிடமும் சொன்னதில்லை, தச்சரும் கேட்டதில்லை.

ஆனால் அந்தத் தாள் டாக்டருக்கும் தாதிமாருக்கும்தான் போனது. தச்சருக்கு யார் காட்டினார்கள்? எண்ணெய் விவகாரத்துக்கு மறுவாரத்திலிருந்து, சம்மதம் கொடுத்த நோயாளிகளின் தாள் நகல்கள் பட்டறைக்கும் வர ஆரம்பித்தன. உறையில் போட்டு ஆள் மூலம் அனுப்புவார். அந்தம்மா மட்டும் வரமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முற்றத்தில் நின்று கூப்பிடுவார். அந்த நாளுக்கப்புறம் பட்டறைக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. ‘திமிர்’ என்று தச்சர் முடிவு கட்டினார்.

அந்தத் திமிர் பத்தாம் நம்பர் மேல் பாய்ந்தபோதுதான் தச்சருக்கு நிஜமாகவே வலித்தது.

ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேர்கிற மூலையில் இருந்தது பத்தாம் நம்பர் அறை. உள்ளே ஒரு மெத்தை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். வேறு ஒன்றும் கிடையாது. கட்டுக்கடங்காமல் போகிறவரை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டுப் பூட்டுவார்கள். ‘பத்துல போடு’ என்ற வார்த்தைக்கே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். தையல்காரம்மாவும் வந்த முதல் நாள் அங்கேதான் கிடந்தார். அதன் கதவு தச்சர் கையால் செய்தது. இரட்டைப் பலகை, குறுக்குச் சட்டம் நாலு, ஒரு நூல் இடைவெளி கிடையாது. உள்ளேயிருந்து யானை முட்டினாலும் அசையாது. வேலையில் சேர்ந்த வருடம் செய்தது. சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவார்.

அந்தக் கதவை எடுத்துவிட வேண்டும் என்றார் அந்தம்மா. “ஏற்கெனவே பூட்டப்பட்டவங்களை மறுபடி பூட்டினா அது மருந்தா? பழைய அடி மேலேயே அடிக்கிறோம்.”

தலைமைத் தாதிக்கு இது ஆகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு நோயாளி முறுக்கியதில் அவருடைய வலது மணிக்கட்டு கோணலாகவே சேர்ந்திருந்தது. அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். “வாயாலேயே அடக்கிடலாம்னா இது ஏன் இப்படி இருக்கு? நீங்க அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீங்க மேடம். இங்க நிக்கிறது என் பிள்ளைங்க.”

“உங்களுக்கு அன்னைக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?” என்று கேட்டார் அந்தம்மா. தலைமைத் தாதி தூக்கின கையை மெல்லக் கீழே இறக்கினார். அதை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சம்மதம் வரவில்லை.

பெரிய டாக்டர் நடுவில் ஒரு கோடு போட்டார். நூறு நாள். நூறு நாளும் யாரையும் பத்தில் போடாமல் ஓட்டினால் கதவை எடுக்கலாம். ஒரே ஒரு தரம் போட்டாலும் கதவு இருக்கும், அந்தம்மா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. “சம்மதம்,” என்றார் அந்தம்மா, மூச்சு விடுவதற்குள்.

தாதிமார் அறைக் கரும்பலகையில் தலைமைத் தாதியே தினமும் சாக்பீஸால் எண் எழுதினார். பத்தாம் நம்பர் சாவி அவர் இடுப்பில்தான். முதல் மாதம் அந்தம்மா ஒரு நாள்கூட ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. கத்தினவர்களோடு நடைக்கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். பேசாதவர்களோடு பேசாமல் உட்கார்ந்தார். தாளில் இருந்ததை ஊழியர் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டார். தப்பாகச் சொன்னால் மறுபடி. “பரீட்சைக்குப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடியாந்தேன்,” என்று காவலாளி அழாத குறையாகச் சொன்னார். மறுபடி சொல்ல வைத்தார்.

தச்சருக்கு இரண்டு மனம். நோயாளிகளைப் பார்த்தால் ஐயோ என்று இருக்கும். கதவைப் பார்த்தால் ‘ஒரே ஒரு தரம் போடுங்களேன், என் வேலை தப்பிக்கட்டும்’ என்று இருக்கும். கதவுக்காக மனுஷனைப் பூட்டச் சொல்கிற மனம் என்ன மனம் என்று தன்னையே வைதுகொள்வார். மறுநாள் காலை முதல் வேலையாகக் கரும்பலகையைப் போய்ப் பார்ப்பார்.

அறுபத்து மூன்றாம் நாள் அந்தம்மா ஊரில் இல்லை. ஒரு பெண்ணுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நடைக்கூட ஜன்னலுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த தச்சர் முதலில் தட்டு விழுகிற சத்தம் கேட்டார். பிறகு நாற்காலி. லாரி டிரைவர் ஒருவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, கிட்டே வருகிறவரையெல்லாம் கெட்ட வார்த்தையில் விளாசினார். பாரம் கவிழ்ந்து நசுங்கின வண்டிக்குள் ஒரு பகல் முழுக்க மாட்டிக் கிடந்தவர். இரண்டு காவலாளிகள் பக்கவாட்டில் நெருங்கினார்கள். தலைமைத் தாதியின் கோணல் கை இடுப்புக்குப் போனது. சாவி வெளியே வந்தது.

தச்சர் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தார். சும்மா நின்றால் போதும். கதவு தப்பிக்கும், துருத்தச்சர் என்ற பெயருக்கும் ஒரு பதில் கிடைக்கும். அவர் வாய் முந்திக்கொண்டது.

“சிஸ்டர், அவரு தாளைப் படிச்சீங்களா?”

“இப்பவா படிக்கச் சொல்றீங்க?”

“எனக்கு மனப்பாடம். பின்னாடி ஆள் நிக்கக் கூடாது. தோள்ல கை வைக்கக் கூடாது. கை சும்மா இருந்தா பயம் ஏறுமாம். கனமா எதையாவது குடுக்கணுமாம்.”

தலைமைத் தாதி ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு காவலாளிகளைப் பார்த்து, “முன்னாடி வாங்க ரெண்டு பேரும். அவருக்குத் தெரியிற மாதிரி. கிட்டப் போகாதீங்க,” என்றார். சாவி கையிலேயே இருந்தது.

தச்சர் பட்டறைக்கு ஓடினார். நாலடி மேசைப் பலகை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, உப்புத்தாளோடு வந்தார். பத்தடி தள்ளியே தரையில் வைத்தார்.

“அண்ணே, ஒரு ஒத்தாசை. இந்த மேசையை நாளைக்குக் குடுக்கணும். பலகை முகம் சொரசொரன்னு இருக்கு. எனக்குத் தோள் வலி. தேய்ச்சுத் தர்றீங்களா? முடியாதுன்னாலும் சரி.”

டிரைவர் பலகையைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். வழியில் யாரும் இல்லை. மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். முதலில் பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார். பிறகு தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு அங்கே ‘சர்ர்க் சர்ர்க்’ என்பதைத் தவிர வேறு சத்தமில்லை.

“மரத்து நாரோட போக்குல தேய்க்கணும். குறுக்கால தேய்ச்சா கீறும்,” என்றார் தச்சர்.

“தெரியும்யா. வண்டிப் பெட்டிக்குப் பலகை நாந்தான் அடிப்பேன்,” என்றார் டிரைவர்.

தலைமைத் தாதி சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அந்தம்மா வந்தபோது கரும்பலகையில் 64 என்று இருந்தது. விஷயத்தைக் கேட்டவர் முற்றத்தில் வந்து நின்று கூப்பிட்டார்.

“தச்சரே! பலகை வழுவழுன்னு வந்துச்சா?”

“வந்துச்சு மேடம்.”

“உங்க கதவு போயிரும், தெரியுமில்ல?”

“தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டறை வாசல்படி வரை வந்தார். அங்கேயே நின்று, திரும்பிப் போய்விட்டார். தச்சருக்கு எரிச்சலாக வந்தது. நன்றி சொன்னால் வாய் வெந்துவிடுமா?

நூறு நாளும் முடிந்ததும் கதவைத் தச்சர்தான் கழற்றினார். வேறு எவன் கையும் படக் கூடாது என்று சொல்லிவிட்டார். கீலுக்கு ஆறு திருகாணி. ஒவ்வொன்றாகக் கழற்றி, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைச் சுவரோரம் சாத்தினார்கள். பத்தாம் நம்பரில் இரண்டு சாய்வு நாற்காலியும் ஒரு அலமாரியும் வந்தன. கூட்டமும் கூச்சலும் தாங்காதவர்கள் தாங்களாகவே போய் உட்கார்ந்து தாங்களாகவே எழுந்து வந்தார்கள். முதலில் போய் உட்கார்ந்தவர் தலைமைத் தாதி. பணி முடிந்த ஒரு சாயங்காலம், கோணல் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம்.

அதற்கப்புறம் பத்து வருடம் ஓடிப்போனது. அந்தம்மா வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் போய்த் தாள் எழுதச் சொல்லிக்கொடுத்தார். தையல்காரம்மா குணமாகிப் போய்க் கடை வைத்து, வருடத்துக்கொரு தரம் தலையணை உறை தைத்து அனுப்பினார். எல்லாமே கூடிவரவில்லை. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போனார். அந்த வாரம் அந்தம்மா டக் டக் என்று நடக்கவில்லை. சத்தமில்லாமல் நடந்தார். அடுத்த வாரம் மறுபடி டக் டக். வீட்டில் தச்சருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சமையலறைக்குள் போகக்கூடத் தட்டினார். “உள்ள வாங்க, அரிசி ஒண்ணும் உடை மாத்தலை,” என்பாள் மனைவி.

அந்தம்மா ஓய்வு பெறுகிற மாதம் புதிய நிர்வாகி ஒருவர் வந்தார். சரக்குப் பதிவேட்டைப் புரட்டியவர் கண்ணில் ‘கனமான கதவு ஒன்று, நல்ல நிலையில்’ என்ற வரி பட்டது. அவசரத்துக்கு உதவும், பத்தாம் நம்பரில் திரும்ப மாட்டலாம் என்று குறிப்பு எழுதினார். திங்கள்கிழமை மாட்ட வேண்டும். அந்தம்மாவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளி மாலை நாலு மணிக்குப் பட்டறைக் கதவு தட்டப்பட்டது. யாரும் உள்ளே வரவில்லை. தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“யாரு?”

“நான்தான். வரலாமா?”

தச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். “வாங்க மேடம்.”

அந்தம்மா உள்ளே வந்தார். மரத்தூளில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு முக்காலிகளைப் பார்த்து, “எது உங்களுது?” என்று கேட்டுவிட்டு, மற்றதில் உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கதவைத் தள்ளிக்கிட்டு வந்தேன். தட்டலை. நாலு பேரு முன்னாடி கத்தினேன். தாளை உங்ககிட்ட காட்டாதது என் தப்பு. அதையும் உங்க தலையில கட்டினேன். ஊருக்கே பாடம் சொல்றவ, இந்த வாசலைத் தாண்ட வெட்கப்பட்டுக்கிட்டே பதினோரு வருஷத்தை ஓட்டிட்டேன். சொல்லுங்க தம்பி. அன்னைக்கு என்ன ஆச்சு?”

தம்பி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். தச்சர் உப்புத்தாளைக் கையில் மடித்து மடித்துப் பிரித்தார்.

“ஒண்ணும் ஆகலை. தையல்காரம்மா பாவம், தூங்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இடமில்லாம இருந்துச்சு.”

அந்தம்மா தலையாட்டினார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உபயோகமில்லாத சரக்கைக் கழிக்கிற படிவம். ‘கதவு ஒன்று, கழிக்கலாம்’ என்று எழுதி, கீழே தலைமைத் தாதியின் கையெழுத்து, அந்தக் கோணல் கையின் கோணல் எழுத்து.

“கதவு பதிவேட்டுல இருக்கிறதே வார்டு பேர்லதானாம். கழிக்கிற அதிகாரமும் சிஸ்டரோடதுதான். திங்கக்கிழமை நிர்வாகி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டாங்க,” என்றார் அந்தம்மா.

தச்சர் சுவரோரம் திரும்பிப் பார்த்தார். இரட்டைப் பலகை. குறுக்குச் சட்டம் நாலு. ஒரு நூல் இடைவெளி இல்லை. அப்படி ஒரு கதவு இனி அவர் கையால் வராது.

“முழுசா இருக்கிற வரைக்கும் எவனாவது ஒருத்தன் மாட்டத்தான் பாப்பான்,” என்றார் அந்தம்மா. “அஞ்சு மணிக்கு நான் வெளிய போயிருவேன் தம்பி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ரம்பத்தை எடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெடுக்குல ரெண்டா அறுங்க, திரும்ப ஒட்ட முடியாதபடி. அப்புறம் அதுல ஒரு பெஞ்சு பண்ணி வாசலுக்கு எதிர்ல போடுங்க, உட்கார்றவங்களுக்கு வர்ற ஆளு தெரியிற மாதிரி.”